கியர் மாற்ற வேண்டாத கார்: கிராமத்தில் ஓட்டுவோர் அறிய வேண்டியவை

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் புதுக் கார் வாங்கும்போது, தாங்கள் ஓட்டிய பழைய காரை ஊரில் இருக்கும் பெற்றோருக்குக் கொடுத்துவிடுவது இப்போது வழக்கமாகி வருகிறது. இப்படிக் கிராமத்துக்கு வந்து சேரும் கார்களில் கியர் மாற்ற வேண்டாத கார்களும் உண்டு. முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு இது பெரிய வசதி. கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது கால் ஓய்ந்து போவதில்லை. இரவில் திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தாலும், வீட்டில் ஓட்டத் தெரிந்த பெண்களே வண்டியை எடுத்துக் கொண்டு புறப்பட்டுவிடலாம்.

ஆனால் டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் ஓட்டிப் பழகிய கைக்கு இந்த வண்டி முதலில் விசித்திரமாகத்தான் தோன்றும். "எஞ்சின் கத்துகிறது, வண்டி போகவில்லை, கிளட்ச் போய்விட்டது" என்று சொல்லி ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே பழக்கமில்லாத கை அதைத் திறந்து, கையில் கிடைத்த ஆயிலை ஊற்றிவிட்டால், இல்லாத கோளாறு உண்மையிலேயே வந்து சேர்ந்துவிடும். இவ்வகைக் கியர்பெட்டி முழுவதையும் மாற்ற நேர்ந்தால், பழைய காரின் விலையில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். ஆகையால் இதன் குணத்தைத் தெரிந்துகொண்டு ஓட்டுவது அவசியம்.

எந்த வகை என்று முதலில் பாருங்கள்

கிளட்ச் மிதி இல்லாத கார்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. நம் நாட்டில் 2014-ஆம் ஆண்டு மாருதி செலேரியோ வந்தபோது பரவத் தொடங்கியது ஏ.எம்.டி. என்ற வகை. அதில் இருப்பது நாம் அறிந்த சாதாரணக் கியர்பெட்டியேதான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் ஒரு கருவி நமக்காகச் செய்கிறது. ஒவ்வொரு கியர் மாறும்போதும் வண்டி லேசாகத் தலையாட்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

சி.வி.டி. எனப்படும் வகையில் ஒன்றாம் கியர், இரண்டாம் கியர் என்ற படிகளே கிடையாது. வண்டி நகரத் தொடங்குவதிலிருந்து நெடுஞ்சாலை வேகம் வரை ஒரே இழுப்பாகப் போகும். ஹோண்டா சிட்டி, மாருதி பலேனோ முதலிய கார்கள் சில ஆண்டுகளில் இந்தப் பெட்டியுடன் விற்கப்பட்டன. கியர் தடியின் பக்கத்தில் பி, ஆர், என், டி என்ற எழுத்துகள் வரிசையாக இருக்கும். "பி" என்ற எழுத்தே இல்லாவிட்டால் அது பெரும்பாலும் ஏ.எம்.டி. வண்டி. "பி" இருந்தாலும் சி.வி.டி. என்று முடிவு கட்டிவிட முடியாது. வேறுவகை ஆட்டோமேட்டிக் பெட்டிகளும் உண்டு. காருடன் வந்த கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதே சரி. பிள்ளை காரைக் கொடுக்கும்போது அந்தக் கையேட்டையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

புல்லியும் பெல்ட்டும் நமக்குப் புதிதல்ல

ஆயில் எஞ்சின் வைத்துக் கிணற்றில் இறைத்தவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்கத் தேவையில்லை. எஞ்சினில் சிறிய புல்லி போட்டால் பம்பு மெதுவாகச் சுற்றும். பெரிய புல்லி போட்டால் வேகமாகச் சுற்றும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே புல்லி தானாகச் சிறுத்தும் பெருத்தும் மாறிக்கொண்டால் எப்படி இருக்கும்? சி.வி.டி. என்பது அதுதான்.

இரண்டு கூம்புத் தட்டுகளை எதிரெதிராக வைத்தது ஒரு புல்லி. தட்டுகள் நெருங்கினால் நடுவில் உள்ள பெல்ட் மேலேறிப் பெரிய வட்டத்தில் ஓடும். தட்டுகள் விலகினால் பெல்ட் உள்ளே இறங்கிச் சிறிய வட்டத்தில் ஓடும். எஞ்சின் பக்கம் ஒரு புல்லி, சக்கரத்தின் பக்கம் ஒரு புல்லி. ஒன்று நெருங்கும்போது மற்றது விலகும். அவ்வளவே.

உங்கள் வீட்டிலேயே இது ஒன்று இருக்கக்கூடும். பெட்ரோலில் ஓடும் கியரில்லாத ஸ்கூட்டர்கள் பெரும்பாலானவற்றில் ரப்பர் பெல்ட்டுடன் இந்த ஏற்பாடுதான். நம் நாட்டில் 1984-இல் தொடங்கிய கைனெடிக் ஹோண்டா இதைப் பரப்பியது. 2001-இல் ஹோண்டா ஆக்டிவா வந்தபின் கிராமத் தெருக்கள் வரை வந்துவிட்டது. நம் விவசாயிகள் மூட்டை ஏற்றிச் செல்லும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதில் ஒரே வேகவிகிதம்தான். வேகம் ஏறும்போது தானே பிடித்துக்கொள்ளும் கிளட்ச் மட்டும் உண்டு.

நெல் அறுவடை இயந்திரத்திலும் இதைக் காணலாம். டயர் வைத்த கம்பைன் பலவற்றில், முன்னே செல்லும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் விரிந்து சுருங்கும் புல்லி ஒன்று இருக்கிறது. இது ஏன் தேவைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. கதிரடிக்கும் உருளை ஒரே வேகத்தில் சுற்றினால்தான் மணி சுத்தமாக உதிரும். உருளையின் வேகம் குறைந்தால் மணி வைக்கோலோடு போய்விடும். ஆனால் பயிர் ஓரிடத்தில் அடர்த்தியாகவும் ஓரிடத்தில் சாய்ந்தும் இருக்கும். எஞ்சின் வேகத்தைக் குறைக்காமல் வண்டியின் வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும். அதற்குப் படியில்லாத இந்த ஏற்பாடே பொருத்தம். இந்தப் புல்லியின் நெம்புகோலை எஞ்சின் ஓடும்போதுதான் நகர்த்த வேண்டும். நிறுத்தி வைத்துவிட்டு இழுத்தால் பெல்ட் கெடும். (நம் பக்கத்தில் "பெல்ட் வண்டி" என்று சொல்வது சேற்றில் இறங்கும் சங்கிலிப் பட்டை வைத்த இயந்திரத்தை. அந்தப் பெல்ட் வேறு, இந்தப் பெல்ட் வேறு.)

பெல்ட்டே இல்லாமல் இதே பயனைத் தரும் டிராக்டரும் உண்டு. ஜெர்மனியின் ஃபெண்ட் நிறுவனம் 1995-இல் ஹானோவர் கண்காட்சியில் வைத்த 926 வேரியோ என்ற டிராக்டரில், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பம்பும் மோட்டாரும் பற்சக்கரங்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்தன. ஊர்ந்து செல்லும் வேகம் முதல் மணிக்கு 50 கிலோமீட்டர் வரை இடையில் படியே இல்லை. விலையைப் பார்த்தால் அது நம் வயலுக்கு ஏற்றதல்ல.

காரில் வந்த கதை

இதைக் காரில் வைத்து வெற்றிகரமாக விற்றவர் ஹாலந்து நாட்டின் ஹூப் வான் டோர்னே. டாஃப் என்ற அவரது நிறுவனம் டிரெய்லரும் லாரியும் செய்துவந்தது. 1958-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது டாஃப் 600 என்ற சிறு காரைக் காட்டியது. பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு ரப்பர் பெல்ட். அதனால் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது இழுத்துக்கொடுக்கும்.

அந்தக் காரில் ஒரு வேடிக்கையும் இருந்தது. பின்னோக்கிச் செல்வதற்கென்று தனிக் கியர் இல்லை. சுழற்சியின் திசை மட்டும் மாறும். எனவே முன்னோக்கிப் போகும் அதே வேகத்தில் பின்னோக்கியும் போகும். பிற்காலத்தில் ஹாலந்து நாட்டார் பழைய டாஃப் கார்களை வைத்துப் பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தினார்கள்.

பெரிய எஞ்சினின் இழுப்பை ரப்பர் தாங்காது. ஆகவே எஃகுப் பெல்ட் வந்தது. 1987-இல் ஜப்பானின் சுபாரு ஜஸ்டி கார் இதனுடன் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ 400 மெல்லிய எஃகுத் துண்டுகளை வளையங்களில் கோத்த மாலை போன்றது இந்தப் பெல்ட். நமது கிணற்றுப் பெல்ட் இழுத்து வேலை செய்கிறது. இதுவோ துண்டை துண்டு தள்ளி வேலை செய்கிறது. எஃகுத் தட்டின் மேல் எஃகுத் துண்டு, நடுவில் ஒரு படலம் எண்ணெய். அந்த எண்ணெய் தேய்மானத்தையும் தடுக்க வேண்டும், பிடிப்பையும் விடக்கூடாது. தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும் அதே எண்ணெயின் அழுத்தம்தான். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், மேலே சொல்லப்போகும் எச்சரிக்கைகளில் பாதி தானே விளங்கிவிடும்.

ஏன் கத்துகிறது?

ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக அழுத்தினால் எஞ்சின் முதலில் உச்ச வேகத்துக்குப் போய் அங்கேயே நின்று சத்தமிடும். வண்டி அதன்பின் மெல்ல வேகம் பிடிக்கும். ரப்பர் கயிற்றை இழுத்துவிட்டது போல இருக்கும். இது கோளாறல்ல. எஞ்சினுக்கு எந்தச் சுற்றில் அதிக இழுப்போ அங்கே அதை நிறுத்திவிட்டு, புல்லிகள் மட்டும் மாறிக்கொண்டே வண்டியை முன்னே தள்ளுகின்றன. கம்பைனில் உருளையின் வேகம் மாறாமல் வண்டியின் வேகம் மாறுவது போலத்தான். காலை மெதுவாக அழுத்தினால் சத்தமும் குறையும், பெட்ரோலும் மிச்சமாகும். எதிரே பஸ் வரும்போது முந்த நினைப்பவர்கள், இந்தத் தாமதத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். மிதித்தவுடன் பாயும் என்று எண்ணி வெளியே எடுத்தால் ஆபத்து.

எஞ்சின் சுற்று ஏறியும் வண்டி வேகம் ஏறவே இல்லை, அல்லது ஏறும்போது வெட்டி வெட்டிப் போகிறது என்றால் அது வேறு. அது பெல்ட் வழுக்குவதன் அடையாளமாக இருக்கலாம். அத்துடன் ஓட்டிக்கொண்டே போகக் கூடாது.

இடது காலுக்கு வேலை இல்லை

டிராக்டர்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. நிறுத்த நினைத்தவுடன் பழக்கத்தால் இடது கால் கிளட்ச்சைத் தேடும். அங்கே கிளட்ச் இருக்காது. அகலமான பிரேக் மிதிதான் இருக்கும். கிளட்ச்சை மிதிக்கும் வலுவோடு அதை மிதித்தால் வண்டி நடுரோட்டில் குத்திட்டு நிற்கும். பின்னால் வருபவன் வந்து மோதுவான். பழகும் வரை இடது காலை மடக்கிப் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது. முதல் சில நாட்கள் காலியாக உள்ள களத்திலோ மைதானத்திலோ ஓட்டிப் பாருங்கள். சந்தைக் கூட்டத்தில் பழக வேண்டாம்.

மற்றொரு ஆபத்து, வண்டி தானாக ஊர்வது. "டி" நிலையில் பிரேக்கை விட்டாலே இவ்வகைக் கார்கள் பெரும்பாலும் மெல்ல நகரத் தொடங்கும். தோட்டத்துக் கேட்டைத் திறப்பதற்காக எஞ்சினை ஓடவிட்டு இறங்குவது நம் வழக்கம். கியர் காரில் நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்குவோம். இதில் மறந்து "டி"யிலேயே விட்டு இறங்கினால், வண்டி நம்மை விட்டுவிட்டுக் கேட்டை நோக்கிப் போகும். களத்தில் பிள்ளைகள் விளையாடும் வீடுகளில் இதை விளையாட்டாக எண்ணக் கூடாது. இறங்குவதற்கு முன் கைப் பிரேக், பிறகு "பி", பிறகு எஞ்சின் நிறுத்தம். சரிவில் நிறுத்தும்போது கைப் பிரேக்கை முதலில் போடுவதற்குக் காரணம் உண்டு. "பி"யில் வண்டியைப் பிடிப்பது ஒரு சிறு பல் மட்டுமே. முழுப் பாரத்தையும் அதன்மேல் போடலாகாது.

முன்னே பின்னே எடுத்துத் திருப்பும்போது, வண்டி முழுதும் நின்றபின்தான் "ஆர்" இலிருந்து "டி"க்கு மாற்ற வேண்டும். மேட்டில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியபடி வண்டியைத் தொங்கவிடுவதும் கூடாது, பிரேக்கைப் பிடியுங்கள்.

சேறும் மலையும் சுமையும்

வாய்க்கால் கரையில் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டால் அழுத்தி அழுத்திச் சுழலவிடாதீர்கள். வெறுமனே சுற்றும் சக்கரம் திடீரென்று கட்டாந்தரையைப் பிடிக்கும் நொடியில் ஏற்படும் அதிர்ச்சி முழுவதும் எஃகுப் பெல்ட்டின் மேல்தான் விழும். சக்கரத்தின் அடியில் தென்னை மட்டையோ சாக்கோ போட்டு, நாலு பேர் தள்ளி மெதுவாக வெளியே எடுப்பதே சிறந்தது.

சுமை விஷயத்தில் நம்மவர்கள் தாராளம். டி.ஏ.பி. மூட்டை ஒன்று 50 கிலோ. நான்கு மூட்டையும் மூன்று ஆட்களும் ஏறினாலே 400 கிலோவை எட்டிவிடும். ஐந்து பேர் செல்லும் சிறு காருக்கு அதுவே ஏறத்தாழ முழுச் சுமை. சமதரையில் தெரியாது. மேட்டில் தெரியும்.

நாமக்கல் பக்கத்திலிருந்து கொல்லிமலைக்கு மிளகும் வாழையும் பார்க்கப் போகிறவர்களை எடுத்துக்கொள்வோம். காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். முழுச் சுமையோடு வெயிலில் ஏறும்போது கியர்பெட்டியின் எண்ணெய் சூடேறும். சூடு மிஞ்சினால், தன்னைக் காத்துக்கொள்ள வண்டி தானே இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். சில கார்களில் விளக்கும் எரியும். அப்போது அடித்து ஓட்டாமல், பத்திரமான இடத்தில் ஒதுக்கி, கையேட்டில் சொன்னபடி ஆறவிட வேண்டும்.

இறக்கம்தான் இன்னும் முக்கியம். "டி"யில் காலை எடுத்தவுடன், பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி, புல்லிகள் எஞ்சின் மெதுவாகச் சுற்றும் நிலைக்குப் போய்விடும். இரண்டாம் கியரில் இறங்கும்போது எஞ்சின் பிடித்துக் கொடுக்குமே, அந்தப் பிடிப்பு இதில் கிடைக்காது. பிரேக்கையே நம்பி எழுபது வளைவும் இறங்கினால் பிரேக் காய்ந்து நாற்றம் எடுக்கும். கடைசி வளைவுகளில் பிடிக்காமலும் போகலாம். இதற்காகவே "எல்" அல்லது "எஸ்" என்று ஒரு நிலை இருக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே அதில் போட்டுவிடுங்கள். எஞ்சின் சத்தம் கூடும்; கூடட்டும். "என்"னில் போட்டு உருட்டிவிட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதை எக்காரணத்தாலும் செய்யக் கூடாது.

வழியில் நின்றுவிட்டால்

பேட்டரி தீர்ந்துவிட்டால் இந்தக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் பம்பு ஓடும். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் புல்லி பெல்ட்டைப் பிடிக்காது. வேறு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். டிராக்டர் பேட்டரி 12 வோல்ட், உதவும். பல லாரிகளில் 24 வோல்ட் இருக்கிறது. அதிலிருந்து எடுத்தால் காரின் மின் கருவிகள் கருகிவிடும்.

கயிறு கட்டி டிராக்டரால் இழுத்து வருவதும் வேண்டாம். சக்கரம் சுற்றும், உள்ளே எண்ணெய் சுற்றாது, பெல்ட்டும் புல்லியும் உராயும். இவ்வகைச் சிறு கார்களில் இழுப்பது முன் சக்கரங்கள் என்பதால், முன்புறத்தைத் தூக்கிக்கட்டியோ, மொத்த வண்டியையும் மினி லாரியில் ஏற்றியோ கொண்டு போக வேண்டும். செலவு கூடுதல்தான், பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

ஆயிலும் பழைய கார் வாங்குவதும்

இந்தப் பெட்டிக்கென்று தனி எண்ணெய் உண்டு. எஞ்சின் ஆயிலோ, டிராக்டரின் ஹைட்ராலிக் ஆயிலோ, மற்ற ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு ஊற்றும் ஆயிலோ உதவாது. காரைச் செய்த நிறுவனம் குறிப்பிடும் எண்ணெயையே, குறிப்பிட்ட அளவில் ஊற்ற வேண்டும். பல கார்களில் அளவுக்குச்சி கிடையாது. எண்ணெயின் சூட்டைக் கணக்கிட்டு அளவு பார்க்க வேண்டியிருப்பதால், இந்தப் பெட்டியில் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். கையேட்டில் எண்ணெய் மாற்ற இரண்டு கெடுக்கள் இருக்கலாம்: ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, மற்றது கடினமான ஓட்டத்துக்கு. மண் சாலை, தூசி, மலை ஏற்றம், வெயில், சுமை, அடிக்கடி குறுகிய தூரம் - நம் கிராமத்து ஓட்டம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. குறைந்த கெடுவையே எடுத்துக்கொள்க.

பழைய காரை வெளியாரிடம் வாங்குவதானால், எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். பளபளக்கும் பெயிண்டும் புது சீட் உறையும் பெட்டியின் உள்நிலையைச் சொல்லாது. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒருமுறை, அரை மணி நேரம் ஓட்டிச் சூடேறியபின் ஒருமுறை என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி "பி"யிலிருந்து "ஆர்", "ஆர்" இலிருந்து "டி" என்று மாற்றும்போது பெரிய இடி இடிக்கக் கூடாது. வெகுநேரம் தாமதித்தும் பிடிக்கக் கூடாது. நின்ற இடத்திலிருந்து மெதுவாக எடுக்கும்போது வண்டி நடுங்குகிறதா என்று பாருங்கள். சிலவற்றில் எண்ணெய் பழசாகிவிட்டதால் மட்டுமே இந்த நடுக்கம் வரும், மாற்றினால் போய்விடும். ஆனால் விற்பவர் அப்படிச் சொன்னால், மாற்றிக் காட்டிய பிறகு விலை பேசுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு கேளுங்கள். வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் கேட்டால் உள்ளே பேரிங்கோ பெல்ட்டோ தேய்ந்திருக்கலாம். கடைசியாக, பக்கத்தில் உள்ள பாலத்தின் மேட்டிலோ ஏரிக்கரை ஏற்றத்திலோ நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். வழுக்கும் பெல்ட் அங்கேதான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.